இரண்டு கிலோ எழுநூறு

வாண்டோ,
பிப்ரவரி 26

அன்பு மகள் போமிக்கு அப்பா எழுதுவது.

இங்கே எல்லோரும் நலம், உன் அம்மாவின் முழங்காலைத் தவிர. உனக்கு உடம்பு எப்படி இருக்கிறது? அந்த மலையில் குளிர் அதிகமாமே, வெந்நீர் ஒழுங்காக வருகிறதா?

உன் கைபேசியைப் பயிற்சிப் பள்ளி வாசலில் வாங்கி வைத்துக்கொண்டார்கள் என்று தெரிந்தும் உன் அம்மா தினமும் உன் எண்ணுக்கு அடிக்கிறாள். கேட்டால், "அணைச்சு வச்சிருப்பாங்கன்னு எனக்கும் தெரியும். அவ நம்பர அமுக்கினா ஒரு திருப்தி, உங்களுக்கு என்ன போச்சு?" என்கிறாள். எனக்கும் வேறு வழியில்லாமல் பேனாவை எடுத்திருக்கிறேன். பட்டாளத்தில் இருந்தபோது எழுதியதுதான் என் கடைசிக் கடிதம். பிழை இருந்தால் சிரிக்காதே.

போன வருடம் நீ கல்லூரி நுழைவுப் பரீட்சையில் வழுக்கியதற்கு ஊரில் காரணம் கண்டுபிடித்துவிட்டார்கள். கடற்பாசிச் சூப் வழுக்கும், பரீட்சை எழுதும் பிள்ளைக்குக் கொடுக்கக் கூடாது என்பார்கள் அல்லவா, நம் வீட்டிலோ கூரை வரை பாசி. "பாசி வளக்கிற வீட்டுப் பொண்ணு, வழுக்காம என்ன செய்யும்?" என்று பக்கத்துப் படகுக்காரன் சொன்னான். "உன் வீட்டுலயும் அதே பாசிதானேடா, உன் மகன் எப்படித் தேறினான்?" என்று கேட்டேன்.

இதோ, பரீட்சையைப் பற்றிப் பேச மாட்டேன் என்று உனக்குக் கொடுத்த வாக்கை முதல் கடிதத்திலேயே மீறிவிட்டேன். இனி மாட்டேன். நாம் லேப்டாப் பற்றியே பேசுவோம். ஆசிரியர் கல்லூரியில் சேரும் நாளில் உன் கையில் புது லேப்டாப் இருக்க வேண்டும். யாரோ கொடுத்த பழசு அல்ல, உனக்கே உனக்கு. நம் ஊரில் கணினி விற்கிற சூவின் கடையில் ஒன்று பார்த்தேன். அதை அவன் இரண்டு விரலில் தூக்கிக் காட்டினான். ஒரு கிலோகூட இல்லை. வகுப்புக்கு வகுப்பு நடக்கிற டீச்சரம்மாவுக்கு ஏற்றது.

கடலில் காற்று எழும்பினால் நாங்கள் படகைத் திருப்பிக்கொண்டு ஓடிவர வேண்டும். டீச்சர் எழுந்து ஜன்னலைச் சாத்திவிட்டுப் பாடம் நடத்தலாம். எனக்கு அது போதும் போமி.

நேரத்துக்குச் சாப்பிடு. அம்மா முத்தம் சொல்லச் சொன்னாள்.

அப்பா


யாங்ப்யோங்,
மார்ச் 10

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். வெந்நீர் வருகிறது, ஆனால் வரிசையில் நின்று நம் முறை வரும்போது போய்விடுகிறது. அம்மாவின் முழங்காலுக்கு அந்தச் சூட்டுப் பட்டியைக் கட்டச் சொல்லுங்கள், அலமாரியில் வைத்து அழகு பார்க்க வேண்டாம்.

இங்கே காலை ஆறேகாலுக்கு மணி அடிக்கிறது. எங்கள் விடுதிக் காப்பாளர் அம்மா போலீஸ் வேலைக்குப் போயிருக்க வேண்டியவர். அடிகளை எண்ணுகிற கைக்கடிகாரத்தைக்கூட ஒரு பெண்ணிடமிருந்து பிடுங்கிவிட்டார். "ஒரு நாளைக்கு எத்தனை அடி நடக்குறேன்னு தெரிஞ்சு என்ன செய்யப் போற? படுக்கையிலேருந்து மேசைக்குப் பன்னிரண்டு அடி, நான் எண்ணிட்டேன், போ!" என்றார். மாத விடுப்புக்கு வீட்டுக்கு வந்தால் போக வர ஒரு நாள் போய்விடும். அதனால் பரீட்சை முடிந்தே வருகிறேன். பார்த்தீர்களா, நானும் மீறிவிட்டேன்.

லேப்டாப் விஷயம். அப்பா, அந்த இரண்டு விரல் லேப்டாப் அழகுதான். ஆனால் எனக்குக் கொஞ்சம் பெரிய திரை வேண்டும், பதினாறு அங்குலம். பக்கத்தில் எண் விசைகள் தனியாக இருக்க வேண்டும். முக்கியமாக, கிராபிக்ஸ் கார்டு தனியாக இருக்க வேண்டும். இப்போதெல்லாம் பிள்ளைகளுக்கு அசையும் படம் காட்டித்தான் பாடம் நடத்துகிறார்களாம்.

கனமாக இருக்கும் என்று தெரியும். எவ்வளவு கனம் என்று கேட்டு எழுதுங்கள். வலைகளைப் பார்த்துப் போடுங்கள், இடுப்பை வளைக்காமல் தூக்குங்கள்.

உங்கள் மகள்
போமி


யாங்ப்யோங்,
மார்ச் 10

அன்பு அத்தைக்கு,

எப்படி இருக்கிறீர்கள்? உங்கள் சலூனில் கூட்டம் எப்படி? என் முடியை நானே வெட்டிக்கொண்டேன். பார்த்தால் என்னைக் குடும்பத்திலிருந்து நீக்கிவிடுவீர்கள்.

இன்றைக்கு அப்பாவுக்கு ஒரு கடிதம் எழுதினேன். அதில் பொய் இருக்கிறது. அதனால்தான் உடனே இதையும் எழுதுகிறேன், யாரிடமாவது உண்மையைச் சொல்லாவிட்டால் சோறு இறங்காது போலிருக்கிறது.

நான் ஆசிரியர் கல்லூரிக்கு விண்ணப்பிக்கப் போவதில்லை அத்தை. பூசானில் கப்பல் வடிவமைப்புப் படிக்கப் போகிறேன். பெரிய கப்பல்கள் மேல் எனக்கு ஆசை இல்லை. எங்கள் ஊர்ப் படகு மாதிரிச் சின்னப் படகுகள். ஈரப் பாசியை ஏற்றினால் கவிழாத படகுகள்.

படகு கவிழ்ந்து தோக்கில் சித்தப்பா இறந்தபோது எனக்கு ஒன்பது வயது. நான் துறையில்தான் நின்றிருந்தேன். அந்தப் படகு மெல்லத் திரும்பியது, யாரோ தூக்கத்தில் புரண்டு படுத்த மாதிரி. அன்றிலிருந்து அப்பா என்னைப் படகில் கால் வைக்க விட்டதில்லை. சித்தப்பா பெயரை வீட்டில் யாரும் சொல்வதும் இல்லை. இந்த வீட்டில் நான் போய், "அப்பா, நான் படகு செய்யப் படிக்கப் போறேன்" என்று எப்படிச் சொல்வேன்?

விண்ணப்பம் போட டிசம்பர் கடைசி வரை நேரம் இருக்கிறது. அதற்குள் எப்படிச் சொல்வதென்று ஒரு யோசனை சொல்லுங்கள். தயவுசெய்து நீங்களே சொல்லிவிடாதீர்கள்.

போமி


மோக்போ,
மார்ச் 29

என் தங்கம் போமிக்கு,

நான் நன்றாக இருக்கிறேன், உன் தலைமுடியை நினைத்தால்தான் ரத்தக் கொதிப்பு ஏறுகிறது. கத்தரிக்கோலைத் தொடாதே. நவம்பரில் நானே வந்து சரிசெய்கிறேன்.

உன் கடிதத்தைச் சலூனிலேயே பிரித்துவிட்டேன். ஒரு கிழவிக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தேன். நான் அழுததைப் பார்த்து அவள், "என் முடி அவ்வளவு மோசமாவா போச்சு?" என்று பயந்துவிட்டாள்.

நான் உன் அப்பனிடம் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். சொல்ல வேண்டியவள் நீ. ஆனால் ஒன்று தெரிந்துகொள். உன் அப்பன் கல்நெஞ்சுக்காரன் இல்லை. தோக்கில் போன நாளில் நடந்ததில் ஒரு விஷயம் உனக்குத் தெரியாது. அதை அவன் வாயால்தான் நீ கேட்க வேண்டும், என் வாயால் அல்ல. அதை அவன் சொல்லாமலே போய்ச் சேர்ந்தாலும் ஆச்சரியப்பட மாட்டேன், அப்படிப்பட்ட அழுத்தக்காரன்.

பரீட்சை முடியட்டும். அப்புறம் நேரே நின்று சொல். அதுவரை லேப்டாப் பேச்சையே பேசிக்கொண்டிருங்கள் இரண்டு பேரும். நல்ல ஜோடி!

உப்புக் குறைத்துச் சாப்பிடு. முகம் வீங்கும்.

மல்சுன் அத்தை


வாண்டோ,
மே 6

அன்பு மகளுக்கு,

நலமாக இருக்கிறாயா? அம்மா சூட்டுப் பட்டியைக் கட்டிக்கொண்டாள். கட்டியதும் வலி போய்விட்டதாம், உன்னைப் போல ஒரு டாக்டர் இல்லையாம். அறுவடை தொடங்கிவிட்டதால் பதில் எழுத நாளாகிவிட்டது.

சூவிடம் மூன்று லேப்டாப்களின் எடையைக் கேட்டு வந்தேன். ஒன்று ஒரு கிலோ. ஒன்று ஒன்றரை. நீ கேட்கிற மாதிரியானது, மின்னூட்டியோடு சேர்த்து, இரண்டு கிலோ எழுநூறு. காதால் கேட்டால் எடை புரியுமா? உன் பழைய பள்ளிப் பையை எடுத்தேன். காய்ந்த பாசியை அந்த எடைக்குப் போட்டால் பை கொள்ளாது. அதனால் உப்புப் பாசியை நிறுத்துக் கட்டிப் போட்டேன். மூன்று நாள், தினம் ஒரு எடை, பள்ளிக்கூட மேட்டில் ஏறி இறங்கினேன்.

ஒரு கிலோ: பை இருப்பதே தெரியவில்லை. ஒன்றரை: மேட்டு உச்சியில் தெரிந்தது. இரண்டு கிலோ எழுநூறு: பாதியில் தோளை மாற்ற வேண்டியிருந்தது. அது மட்டுமா, கட்டு அவிழ்ந்து உப்புத் தண்ணீர் என் முதுகெல்லாம் வழிந்தது. எதிரே வந்த பள்ளிக்கூடக் காவலாளி, "என்னண்ணே, இந்த வயசுல பள்ளிக்கூடத்துல சேர வந்தீங்களா?" என்று கேட்டான். உன் அம்மா பையை மூன்று முறை துவைத்துவிட்டாள், நாற்றம் போகவில்லை.

இப்போது ஒரு கேள்வி. கோபப்படாதே. உன் பட்டியலைப் பார்த்துவிட்டு சூ சிரித்தான். "அண்ணே, டீச்சருக்கு இது எதுக்கு? இந்த மாதிரி கிராபிக்ஸ் கார்டு கேக்குறவன் எல்லாம் விடிய விடிய சண்டை விளையாட்டு ஆடுறவன்" என்றான். போமி, மனதில் ஒன்றை வைத்துக்கொண்டு அப்பாவிடம் வேறொன்று சொல்லாதே. விளையாட்டா? ஆமாம் என்றாலும் அடிக்க மாட்டேன், ஒரு சின்னத் திட்டுதான்.

முட்டை சாப்பிடு.

அப்பா


யாங்ப்யோங்,
மே 20

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். முட்டை தினமும் தருகிறார்கள், முட்டை சாப்பிட்டுச் சாப்பிட்டுக் கொக்கரிக்காத குறைதான்.

உங்கள் கடிதத்தைப் படித்துச் சிரித்ததில் படிப்பறையிலிருந்து என்னை வெளியே அனுப்பிவிட்டார்கள். உப்புத் தண்ணீர் வழிய மேடு ஏறிய அப்பா இந்த விடுதியில் வேறு யாருக்கும் இல்லை. எல்லோருக்கும் படித்துக் காட்டினேன்.

விளையாட்டு இல்லை அப்பா. சத்தியமாக இல்லை. படம் வரைய. படத்தை எல்லாப் பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்க்க. சூவுக்குப் புரியும்படி சரியான பட்டியல் இதோடு வைத்திருக்கிறேன். நினைவகம் முப்பத்திரண்டு. கீழே எழுதியிருக்கும் மென்பொருளின் பெயரைக் காட்டி, அது ஓடுமா என்று மட்டும் கேளுங்கள். அந்த எடையை நான் சுமந்துகொள்வேன், தோளை மாற்ற மாட்டேன்.

அறுவடையில் அதிகம் ஏற்றாதீர்கள். காற்று மாறினால் திரும்பி வந்துவிடுங்கள்.

போமி


யாங்ப்யோங்,
ஆகஸ்ட் 25

அன்புள்ள அப்பாவுக்கு,

நலமா? அம்மா நலமா? புயல் இரண்டு வந்ததாகக் காப்பாளர் அம்மாவின் வானொலியில் கேட்டேன். விசாரித்தபோது வாண்டோவில் சேதம் இல்லை என்றார்.

மே மாதத்துக்குப் பிறகு இது என் மூன்றாவது கடிதம். அம்மாவின் பொட்டலம் வந்தது, கிம்ச்சி ஊறுகாய், காலுறை எல்லாம் இருந்தது. அடியில் உங்கள் துண்டுச் சீட்டு இருக்கும் என்று காலுறைக்குள் எல்லாம் கைவிட்டுப் பார்த்தேன்.

லேப்டாப் வேண்டாம் அப்பா. ஒரு கிலோவே போதும். எதுவானாலும் போதும். எழுதுங்கள்.

போமி


மோக்போ,
செப்டம்பர் 8

தங்கம்,

அழாமல் படி. உன் அப்பனுக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, எருமை மாதிரி இருக்கிறான். நான் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை, என் கத்தரிக்கோல் மேல் ஆணை.

போன வாரம் இங்கே வந்தான். சொல்லாமல் கொள்ளாமல் வந்து நாற்காலியில் உட்கார்ந்தான். முடியே வளரவில்லை, நானும் வெட்டுவது போல வெட்டினேன். எழுந்திருக்கும்போது, "தோக்கில் போட்டோ உங்கிட்ட ஒண்ணு இருந்துச்சே, இருக்கா?" என்று கேட்டான். பத்து வருடத்தில் அந்தப் பெயரை அவன் வாயில் அன்றுதான் கேட்டேன். என் கையில் இருந்த சீப்பு விழுந்துவிட்டது. படகில் தோக்கில் நிற்கும் படத்தைக் கொடுத்தேன். அதை வாங்கிக்கொண்டு தோக்கிலின் முகத்தைப் பார்க்கவில்லை. படகைத்தான் பார்த்தான்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. உனக்குப் புரிந்தால் எழுது. சாப்பிடு.

அத்தை


வாண்டோ,
அக்டோபர் 27

அன்பு மகள் போமிக்கு,

நலமாக இருக்கிறாயா? நாங்கள் நலம். ஐந்து மாதம் உன்னைக் காக்க வைத்துவிட்டேன். அப்பாவை மன்னித்துக்கொள். பத்துத் தடவை எழுதிக் கிழித்தேன்.

ஜூன் மாதம் உன் பட்டியலைச் சூவிடம் காட்டினேன். மென்பொருளின் பெயரைப் படித்ததும் அவன் சிரிக்கவில்லை. "அண்ணே, இந்தப் பேர நான் கேட்டிருக்கேன். காங்ஜின்ல படகு கட்டுற பட்டறைக்கு ரெண்டு வருஷத்துக்கு முன்ன இதே மாதிரி லேப்டாப் நான்தான் வித்தேன்" என்றான். கடை வாசலிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். கோபம் வந்தது, பொய் சொல்ல மாட்டேன். என் மகள் எனக்குத் தெரியாமல் திரும்பவும் அந்தத் தண்ணீருக்கே போகிறாளா என்று.

ஒரு மாதம் கழித்துத்தான் காங்ஜின் போனேன். சண்டை போடத்தான் போனேன், யாரோடு என்று கேட்காதே. அங்கே உன்னைவிட நாலைந்து வயது மூத்த ஒரு பெண் அந்த லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்தாள். என்ன வேண்டும் என்றாள். இது என்ன செய்யும் என்று காட்டச் சொன்னேன். ஒரு படகை வரைந்து, அதில் பாரம் ஏற்றி, சாய்த்துக் காட்டினாள். சாய்ந்தது, திரும்பவும் நிமிர்ந்தது. விசிறி மட்டும் அரிசி ஆலை மாதிரி சத்தம் போடுகிறது.

நான் வீட்டுக்கு வந்துவிட்டேன். அப்புறம் உன் அத்தையிடம் போய்ப் படம் வாங்கிக்கொண்டு மறுபடியும் போனேன். "இந்தப் படகப் போட்டுக் காட்டும்மா" என்றேன். அளவு கேட்டாள். சொன்னேன். தோக்கில் படகின் அளவு எனக்கு மனப்பாடம், அதைக் கட்டும்போது நூல் பிடித்தது நான்தானே. அன்றைய பாரத்தையும் சொன்னேன். எவ்வளவு உயரம் அடுக்கியிருந்தது என்பதையும் சொன்னேன். திரையில் அது மெல்லத் திரும்பியது, போமி. அந்தப் பெண் பயந்துபோய், "ஐயா, தண்ணி குடிக்கிறீங்களா?" என்றாள்.

உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். அன்று காலை தோக்கில் போதும் என்றான். காற்று மாறுது அண்ணே, மிச்சத்த நாளைக்குப் பாத்துக்கலாம் என்றான். மறுநாள் ஏலம் இருந்தது. "இன்னும் ஒரே ஒரு நடை" என்று சொல்லி மிச்சத்தையெல்லாம் அதிலேயே ஏற்ற வைத்தது நான். இதை உன் அம்மாவுக்கும் அத்தைக்கும் தவிர யாருக்கும் நான் சொன்னதில்லை. படகின் மேல் எனக்கு என்ன கோபம்? என் மேல்தான். அதை உன் தலையில் இறக்கி வைத்துவிட்டு, டீச்சர் ஆகு, டீச்சர் ஆகு என்றேன்.

அந்தப் பெண்ணிடம் கடைசியாகக் கேட்டேன், எப்படி இருந்திருந்தால் அது கவிழ்ந்திருக்காது என்று. அவள் எதையோ தட்டினாள். படகை இன்னும் இரண்டு சாண் அகலமாக்கினாள், தளத்தைக் கொஞ்சம் இறக்கினாள். அதே பாரம், அதே சாய்வு. நிமிர்ந்து நின்றது. இரண்டு சாண், போமி. அவ்வளவுதான்.

பரீட்சை பற்றிப் பேச மாட்டேன் என்று சொன்னேன். இந்த ஒரு தடவை மட்டும். நெஞ்சில் பொய்யை வைத்துக்கொண்டு போய் உட்காராதே. படகுப் படிப்போ எதுவோ, உனக்குப் பிடித்ததை விண்ணப்பத்தில் எழுது. எனக்குப் பயம் போகவில்லை. அது போகாது. அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன் பிறந்த நாள் பரீட்சைக்கு இரண்டு நாள் முன்னால் வருகிறது. பிறந்த நாளுக்குப் பாசிச் சூப் குடிப்பது நம் வழக்கம்தான், ஆனால் அன்றைக்கு அதை யார் கொடுத்தாலும் குடிக்காதே. எனக்கு அதிலெல்லாம் நம்பிக்கை இல்லை, இருந்தாலும் குடிக்காதே. நீ வந்ததும் அம்மா வைத்துத் தருவாள்.

அப்பா


யாங்ப்யோங்,
நவம்பர் 5

அப்பா,

நலம். நலம். நலம். மூன்று தடவை எழுதியிருக்கிறேன், அத்தனையும் உண்மை.

எழுத நினைத்தது எல்லாம் ஒரு பக்கத்தில் அடங்கவில்லை, நேரில் சொல்கிறேன். பொய் சொன்னதற்குத் திட்டு வாங்க வேண்டும், அதை மறக்காமல் எடுத்து வையுங்கள். சித்தப்பா நாளைக்கு என்று சொன்னதும், நீங்கள் ஒரு நடை என்று சொன்னதும், எனக்கு இரண்டு பேர் மேலும் பிரியத்தைத்தான் கூட்டின.

ஒரே ஒரு கேள்வி. நான் வந்ததும் என்னை நம் படகில் ஏற்றுவீர்களா? அளவெடுக்க வேண்டும்.

பாசிச் சூப் ஒரு சொட்டும் குடிக்க மாட்டேன்.

உங்கள் போமி


(லேப்டாப் பெட்டியின் மேல் ஒட்டியிருந்த சீட்டு)

வாண்டோ,
நவம்பர் 14

போமிக்கு,

நீ இந்நேரம் உள்ளே எழுதிக்கொண்டிருப்பாய். உன் அம்மா விடிந்ததும் உன் பழைய பள்ளியின் வாசலில் ஒட்டும் மிட்டாயை ஒட்டிவிட்டு வந்து, அது ஒட்டினால் பரீட்சையில் நீயும் வழுக்காமல் ஒட்டிக்கொள்வாய் என்று கும்பிட்டுக்கொண்டிருக்கிறாள். அடுப்பில் சூப்புக்கு எல்லாம் தயாராக இருக்கிறது. நீ வீட்டு வாசலில் கால் வைத்த பிறகுதான் தீ மூட்ட வேண்டுமாம், அதுவரை யாரும் தொடக் கூடாதாம்.

பெட்டியை நான் பிரிக்கவில்லை. சூ பிரித்துக் காட்டுகிறேன் என்றான், வேண்டாம் என்றுவிட்டேன். முதல் தடவை உன் கைதான் படவேண்டும். புதுப் பை ஒன்றும் வாங்கியிருக்கிறேன், பழையதில் இன்னும் பாசி நாறுகிறது. கனம் தாங்காவிட்டால் சொல், பேருந்து நிலையம் வரை நான் தூக்கி வருகிறேன். எனக்குப் பழகிவிட்டது.

நாளை காலை காற்று இல்லை. படகில் ஏறிக்கொள், உயிர்காப்புச் சட்டையைப் போட்டுக்கொண்டு. அளவெடு. நம் படகுதான் உன் முதல் படமாக இருக்கட்டும்.

வரையும்போது ஒன்றை மட்டும் மறக்காதே. எவ்வளவு ஏற்றலாம் என்று படகுக்காரனிடம் கேட்டுவிட்டு, அவன் சொல்வதை அப்படியே நம்பிவிடாதே. எத்தனை பட்டாலும் மனிதன் "இன்னும் ஒரே ஒரு நடை" என்றுதான் சொல்வான். அந்த ஒரு நடையையும் சேர்த்து வரை.

அப்பா